ஒரே குழாய்... ஒன்பது குடம்!

"சார், எந்த ஆப்ல போட்டா டிக்கெட் சீக்கிரம் கிடைக்கும்?"

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எந்த ஆபீஸ் கேன்டீனில் போய் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும். உடனே நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். ஒருத்தர் 'இக்ஸிகோ' என்பார். இன்னொருத்தர் 'மேக் மை ட்ரிப்' என்று சத்தியம் செய்வார். மூன்றாவது ஆசாமி 'கன்ஃபர்ம் டிக்கெட்' கட்சி. நாலாவதாக, ரிட்டயர்மெண்டுக்கு ஒன்றரை வருஷம் பாக்கியுள்ள சீனியர் ஒருவர் காபியை ஆற்றிக்கொண்டே, "அதெல்லாம் சும்மாப்பா... விடிகாலையில மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் கவுண்டர்ல போய் நின்னாதான் டிக்கெட்!" என்பார்.

முதலில் ஒரு ரகசியத்தை உடைத்துவிடலாம். உண்மையில் இது ரகசியமே இல்லை. யாரும் உரக்கச் சொல்வதில்லை, அவ்வளவுதான். இந்த ஆப்கள் எதனிடமும் தனியாக ஒரு பெர்த்கூடக் கிடையாது. சென்னைத் தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றால் ஒரே குழாயில் பச்சைக் குடம், சிவப்புக் குடம், எவர்சில்வர் குடம் எல்லாம் வரிசை கட்டுமே, அதே கதை. தொட்டி ரயில்வேயுடையது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து ஊர்களில் உட்கார்ந்திருக்கும் ரிசர்வேஷன் கம்ப்யூட்டர்கள்தான் அந்தத் தொட்டி. கவுண்டர்க்காரர் தட்டினாலும் அதில்தான் தட்டுகிறார். ஆன்லைனுக்கு அதிலிருந்து வரும் ஒரே குழாய் ஐ.ஆர்.சி.டி.சி. மற்றதெல்லாம் குடம்.

குடங்களிலும் ஒரு வேடிக்கை. கோஐபிபோவும் ரெட்பஸ்ஸும் மேக் மை ட்ரிப்பின் கைக்குப் போய் 2017-லிருந்து ஒரே குடும்பம். கன்ஃபர்ம் டிக்கெட்டை 2021-ல் இக்ஸிகோ வாங்கிவிட்டது. அதே வருஷம் கிளியர்ட்ரிப்பை ஃபிளிப்கார்ட் வாங்கியது. ட்ரெயின்மேனை 2023-ல் அதானி குழுமம் வாங்கியது. கேன்டீனில் ஒரு ஆப்புக்கும் இன்னொரு ஆப்புக்கும் சண்டை போடுகிறவர்கள் பல சமயம் ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

'அப்படின்னா எதுல எடுத்தா என்ன, எல்லாம் ஒண்ணுதானே?' என்று கேட்காதீர்கள். தண்ணீர் ஒன்றுதான். குடத்துக்குக் குடம் கூலி வேறு, ஓட்டை வேறு.

கூலியை முதலில் பார்ப்போம். பி.காம். படித்தவனிடம் பில்லைக் கொடுத்தால் கீழேயிருந்துதான் மேலே படிப்பான். ஐ.ஆர்.சி.டி.சி. நேரடியாக டிக்கெட் கொடுக்கும்போதே 'கன்வீனியன்ஸ் ஃபீ' என்று ஒன்று வாங்குகிறது. யூ.பி.ஐ.யில் கட்டினால் சாதா வகுப்புக்கு 10 ரூபாய், ஏசிக்கு 20 ரூபாய். கார்டு, நெட் பேங்கிங் என்று போனால் 15-ம் 30-ம். இதற்கு மேல் ஜி.எஸ்.டி. ஆக, ஸ்லீப்பர் டிக்கெட்டை யூ.பி.ஐ.யில் எடுத்தால் 11 ரூபாய் 80 காசு. ஏசி டிக்கெட்டைக் கார்டில் எடுத்தால் 35 ரூபாய் 40 காசு. இது டிக்கெட்டுக்கு, ஆளுக்கு அல்ல. ஒரே டிக்கெட்டில் நாலு பேர் போனாலும் அதேதான். டிக்கெட்டை ரத்து செய்தால் இந்தப் பணம் திரும்ப வராது.

இந்தக் கட்டணத்துக்கே ஒரு குட்டிச் சரித்திரம் உண்டு. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தபோது, 'ஜனங்கள் டிஜிட்டலுக்கு வரட்டும்' என்று இதைத் தள்ளுபடி செய்தார்கள். 2019 செப்டம்பரில் மறுபடி போட்டார்கள். அடுத்த மாதமே ஐ.ஆர்.சி.டி.சி. ஷேர் மார்க்கெட்டுக்கு வந்தது. 2021 அக்டோபரில், 'இந்தக் கட்டணத்தில் பாதியை எனக்குக் கொடு' என்று ரயில்வே அமைச்சகம் கேட்க, ஷேர் சரசரவென்று சரிய, மறுநாளே 'வேண்டாம், நீயே வெச்சுக்கோ' என்று பின்வாங்கியது. நாம் கொடுக்கிற பத்து, இருபது எவ்வளவு கனமானது என்று அன்றைக்குத்தான் பல பேருக்குப் புரிந்தது.

தனியார் ஆப்பில் எடுத்தால்? மேலே சொன்னது உண்டு. அதற்கு மேல் முகவர் கட்டணம்: சாதா வகுப்புக்கு 20 ரூபாய், ஏசிக்கு 40 ரூபாய் வரை வாங்கிக்கொள்ள அனுமதி. பணம் கட்டும் வழியைப் பொறுத்து இன்னும் ஒரு சில்லறை. 'முதல் புக்கிங்குக்குக் கட்டணமே இல்லை!' என்று விளம்பரம் வரும். இருக்கட்டும், ஒரு தடவை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் முதல் பந்திக்கு வைக்கிற அதே அப்பளத்தைக் கடைசிப் பந்திக்கும் வைப்பார்கள் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

இதைவிட உஷாராக இருக்கவேண்டிய இடம், பணம் கட்டுவதற்கு முந்தைய பக்கம். அங்கே 'இலவச ரத்து' என்று ஒரு சமாசாரம் வரும். இலவசத்துக்கு விலை போட்டிருப்பார்கள்! அதாவது, இப்போதே ஒரு தொகை கூடக் கொடுத்துவிட்டால், பிறகு டிக்கெட்டை ரத்து செய்யும்போது ரயில்வே பிடிக்கிற பணத்தை ஆப் தன் கையிலிருந்து கொடுக்கும். சில ஆப்களில் இந்தக் கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும், அல்லது 'வேண்டாம்' என்ற பட்டன் எறும்பு சைஸில் இருக்கும். நிதானமாகப் பாருங்கள்.

இது மோசடி என்று சொல்லமாட்டேன். இது ஒரு இன்ஷூரன்ஸ். யாருக்கு லாபம்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, "நாளைக்கு ஒரு அரை நாள் வந்துட்டுப் போயிடுப்பா" என்று சொல்லும் மேனேஜரிடம் வேலை பார்ப்பவருக்கு நிச்சயம் லாபம். அண்ணன் கல்யாணத்துக்குப் போகிறவருக்கு வேண்டவே வேண்டாம். கல்யாணமா நிற்கப் போகிறது? வாங்குவதற்கு முன்பு, ரயில் புறப்பட எத்தனை மணி நேரம் முன்பு வரை இது செல்லும், பணம் வங்கிக்கு வருமா அல்லது ஆப்பின் பர்ஸுக்குள்ளேயே சுற்றுமா என்ற இரண்டையும் படித்துவிடுங்கள்.

'வெயிட்டிங் லிஸ்ட் கன்ஃபர்ம் ஆகாவிட்டால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பணம்!' என்று இன்னொரு திட்டம். கேட்கும்போதே ஜில்லென்று இருக்கும். கூடுதலாக வரும் தொகை பெரும்பாலும் ரொக்கமாக வராது. அதே ஆப்பில் பஸ்ஸோ விமானமோ புக் செய்ய ஒரு கூப்பனாக வரும். பொங்கல் வாரத்தில் விமானம் விற்கிற விலைக்கு அந்தக் கூப்பன் ஜன்னல் கண்ணாடி வரைக்கும் போகும். தவிர, எந்த டிக்கெட் கன்ஃபர்ம் ஆகும், எது ஆகாது என்று பல வருஷக் கணக்கை வைத்துக்கொண்டுதான் அவர்கள் இந்தப் பந்தயத்துக்கே வருகிறார்கள். எதிரே சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருப்பவர் சீட்டைப் பார்த்துவிட்டு ஆடுகிறார். நாம் பார்க்காமல் ஆடுகிறோம்.

அப்படியானால் தனியார் ஆப் எதற்குத்தான் லாயக்கு? தேடுவதற்கு! இதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சென்னையிலிருந்து மதுரைக்கு என்று போட்டால், பாண்டியன், நெல்லை, பொதிகை, கன்னியாகுமரி, அனந்தபுரி என்று எல்லா ரயிலும், எல்லா வகுப்பும், எத்தனை இடம் என்பதும் ஒரே பக்கத்தில். ஐ.ஆர்.சி.டி.சி.யில் ஒவ்வொரு வகுப்பாகத் தொட்டுத் தொட்டுக் கேட்கவேண்டிய விவரம்.

இன்னொரு வித்தை, 'அதே ரயிலில் மாற்று வழி'. மதுரைக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்றால், அதே ரயிலில் விருதுநகர் வரைக்கும் இடம் இருக்கிறதா என்று ஆப்பே தேடிச் சொல்லும். கொஞ்சம் காசு கூடக் கொடுத்து விருதுநகருக்கு எடுத்து, மதுரையில் இறங்கிவிடலாம். ஒன்றும் தப்பில்லை. ஏனென்றால் ரயில்வே ஒரே ரயிலில் ஊருக்கு ஊர் இடத்தைப் பங்கு பிரித்து வைத்திருக்கிறது. ரயில் கிளம்பும் ஊரிலிருந்து கடைசி ஊர் அல்லது அதன் பக்கம் வரை போகிறவர்களுக்குப் பெரிய பங்கு. அதன் காத்திருப்புப் பட்டியல்தான் ஜி.என்.டபிள்யூ.எல். இது வேகமாக நகரும். நடுவில் ஏறி நடுவில் இறங்குகிறவர்களுக்கு ஆர்.எல்.டபிள்யூ.எல்., பி.கியூ.டபிள்யூ.எல். என்று சின்னச் சின்னப் பங்கு. அது மாட்டு வண்டி. ஜி.என்.டபிள்யூ.எல். 30-ஐ நம்பி பெட்டி கட்டலாம், பி.கியூ.டபிள்யூ.எல். 8-ஐ நம்பி சட்டைகூட அயர்ன் பண்ணவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒன்று கவனியுங்கள்: முந்தைய ஊரிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டு அடுத்த ஊரில் ஏறுவதானால், ஏறும் இடத்தை முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் டி.டி.இ. உங்கள் பெர்த்தை ஆர்.ஏ.சி. புண்ணியவான் யாருக்காவது கொடுத்திருப்பார்.

இந்த ஆப்கள் '82 சதவீதம் வாய்ப்பு' என்று ஆரூடம் சொல்வதும் இதே பழைய கணக்கை வைத்துத்தான். சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு நன்றாகவே பலிக்கும். பண்டிகை வாரத்தில் கிளி ஜோசியத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூண்டுக்குள் கிளி இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் டிக்கெட் எடுக்கும் நேரத்தில் நேர் வாசலுக்குப் போய்விடுங்கள் என்பதுதான் என் கட்சி. அதுவும் தட்கல் என்றால் சந்தேகமே வேண்டாம். எந்தத் தனியார் ஆப்பில் நுழைந்தாலும் உங்கள் ஐ.ஆர்.சி.டி.சி. ஐ.டி. கட்டாயம், கடைசியில் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்காமல் விடாது. அது ஞாபகம் இல்லாமல், 'பாஸ்வேர்டை மீட்டெடு' என்று போய்த் திரும்பி வருவதற்குள் மதுரை வரை உள்ள பெர்த்தெல்லாம் போயிருக்கும். பத்து மணிக்கு ஏசி தட்கல், பதினோரு மணிக்கு ஸ்லீப்பர் தட்கல். நம் ஆபீஸ்களில் அந்த இரண்டு நேரங்களிலும் ஒருத்தரும் போனை எடுப்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்!

தட்கலில் நமக்குப் போட்டி பக்கத்து ஸீட்காரர் மட்டும் இல்லை, மெஷின். முதல் ஐந்து நிமிடத்தில் உள்ளே நுழைய முயல்பவர்களில் பாதி வரை மனிதர்களே அல்ல, 'பாட்' எனப்படும் தானியங்கி புரோகிராம்கள் என்று 2025-ல் ரயில்வேயே சொன்னது. சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடி ஐ.டி.களை முடக்கியது. 2025 ஜூலை 1-ம் தேதியிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். அதே மாதம் 15-ம் தேதியிலிருந்து ஆதார் ஓ.டி.பி.யும் சேர்ந்துகொண்டது. ஏஜெண்டுகளுக்கு முதல் அரை மணி நேரம் தடை. சாதாரண ரிசர்வேஷனிலும், கதவு திறந்த முதல் 15 நிமிடம் ஆதார் காட்டியவர்களுக்கு மட்டும் என்று 2025 அக்டோபரில் ஆரம்பித்து, பிறகு அந்த நேரத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். எனவே ஐ.டி.யோடு ஆதாரை இணைக்காதவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். பண்டிகை அன்று காலையில் செய்துகொள்ளலாம் என்று வைத்திருந்தால், அந்தக் கைபேசி எண் அப்பாவுடையதாக இருக்கும். அப்பா வயலில் இருப்பார்.

முன்கூட்டியே பயணிகள் பெயர்களை 'மாஸ்டர் லிஸ்ட்'டில் ஏற்றி வைத்தால் டைப் அடிக்கிற நேரம் மிச்சம். அப்புறம் 45 காசு இன்ஷூரன்ஸ். அதற்கு மட்டும் 'சரி' என்று சொல்லுங்கள். 45 காசுக்கு இன்றைக்கு வேறு என்ன வாங்க முடியும்?

இப்போது ஓட்டைக்கு வருவோம். எங்கள் பக்கத்து செக்ஷனில் ஒரு நண்பர். தென்காசிக்காரர். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து, மாடிப்படியே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா, அம்மா இரண்டு பேரையும் ஊரிலிருந்து சென்னைக்கு அழைத்து வரவேண்டும். ஆஸ்பத்திரியில் தேதி வாங்கியாகிவிட்டது. நண்பர் பொதிகையில் மூன்று டிக்கெட் சேர்த்து, ஒரு தனியார் ஆப்பில் போட்டார். இடம் நிறைய இருக்கும்போதே போட்டார். 'லோயர் பெர்த்' என்று விருப்பமும் கொடுத்தார். வந்தது மூன்றும் மிடில், அப்பர், சைடு அப்பர்!

"அம்மாக்கு அறுபத்தி ரெண்டு வயசு சார். சீனியர் சிட்டிசன்னா கீழ் பெர்த் தானா வரும்னு சொல்வாங்களே?" என்று கையில் போனை வைத்துக்கொண்டு நிற்கிறார். வாட்ஸ்அப்பில் அம்மாவின் குரல் வேறு: "எய்யா, நீ மனசப் போட்டு அலட்டிக்கிடாத. நான் கீழயே துண்ட விரிச்சுப் படுத்துக்கிடுதேன்." அந்தக் குரலைக் கேட்டபிறகு ஆபீஸில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

விஷயம் என்னவென்றால், கீழ் பெர்த் கோட்டா என்று தனியாக ஒன்று இருக்கிறது. 60 வயதைத் தாண்டிய ஆண்கள், 45 வயதைத் தாண்டிய பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்காக ஒரு ஸ்லீப்பர் பெட்டியில் ஆறு ஏழு, மூன்றடுக்கு ஏசியில் நாலைந்து கீழ் பெர்த்துகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: அந்த டிக்கெட்டில் ஒருவரோ, இருவரோதான் இருக்கவேண்டும், இருவருமே அந்த வயதுக்காரர்களாக இருக்கவேண்டும். முப்பது வயது மகன் பாசத்தோடு அதே டிக்கெட்டில் தன் பெயரையும் சேர்த்தால், அம்மாவின் கோட்டா போய்விடும்! பாசம் பெர்த்தைச் சாப்பிட்டுவிடுகிறது. ஐ.ஆர்.சி.டி.சி.யில் தேடும்போதே 'ஜெனரல்' என்றிருக்கும் இடத்தைத் தொட்டால், 'லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன்' என்ற கோட்டா கீழே விரியும். தனியார் ஆப்கள் சிலவற்றில் இது கண்ணில் படாத மூலையில் இருக்கிறது. அவர்களுக்கு வேகமாக விற்றால் போதும். யார் எங்கே படுக்கிறார்கள் என்பது அவர்கள் கவலை இல்லை.

சீட்டை ரத்து செய்தோம். அப்பா, அம்மா இருவருக்கும் மட்டும் அந்தக் கோட்டாவில் தனி டிக்கெட். நண்பருக்கு அதே ரயிலில் வேறு டிக்கெட். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எதிரும் புதிருமாக இரண்டு கீழ் பெர்த். நண்பருக்கு இரண்டு பெட்டி தள்ளி, கழிவறைக்குப் பக்கத்தில் சைடு அப்பர். "நான் நின்னுக்கிட்டே வந்தாலும் பரவால்ல சார்" என்றார். அன்றைக்கு மதியம் எல்லோருக்கும் டீ அவர் செலவு.

ரத்து செய்த பணம் திரும்பி வந்த கதை தனி. ரயில்வேயிலிருந்து ஐ.ஆர்.சி.டி.சி.க்கு, அங்கிருந்து ஆப்புக்கு, ஆப்பிலிருந்து நம் வங்கிக்கு. பணம் இந்த மூன்று ஸ்டேஷனிலும் நின்று டீ குடித்துவிட்டுத்தான் வரும். அவருக்கு ஆப்பின் பர்ஸுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, 'வங்கிக்கு மாற்ற இங்கே தட்டவும்' என்றது. தட்டினார், தட்டினார்... பதினோரு நாள் தட்டினார். நேரடியாக எடுத்திருந்தால் நடுவில் ஒரு ஸ்டேஷன் குறைந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பணம் வரவில்லை என்ற ஆத்திரத்தில் பி.என்.ஆர். நம்பரையும் போன் நம்பரையும் சேர்த்து எக்ஸ், ஃபேஸ்புக் என்று நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதாதீர்கள். பத்தாவது நிமிடம், "ரீஃபண்ட் டிபார்ட்மெண்ட்லேர்ந்து பேசறோம்" என்று ஒரு கனிவான குரல் வரும். ஒரு ஆப்பை இறக்கச் சொல்லும். அதை இறக்கினால், டிக்கெட் பணம் போனதோடு சம்பளமும் டிக்கெட் இல்லாமல் பயணம் போய்விடும்.

தாம்பரம் - பீச் மின்சார ரயில் ஆசாமிகளுக்கும் ஒரு வரி. 2025 ஜூலை 1-ம் தேதி ரயில்வே 'ரயில்ஒன்' என்று ஒரு ஆப்பை விட்டது. ரிசர்வேஷன், சாதா டிக்கெட், பிளாட்பாரம் டிக்கெட், சீசன், வண்டி எங்கே வருகிறது என்பது எல்லாம் ஒரே இடத்தில். ஐ.ஆர்.சி.டி.சி. ஐ.டி.யே போதும். சாதா டிக்கெட்டுக்குத் தனியார் ஆப் எதையும் நாடவேண்டிய அவசியமே இல்லை. டிக்கெட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நண்பனுக்கு அனுப்பினால் செல்லாது. ஆப்பைத் திறந்துதான் காட்டவேண்டும். மாம்பலத்தில் செக்கிங் நிற்கும்போது போனில் சார்ஜ் ஒரு சதவீதம் இருந்தால் அதற்கு ஆப் பொறுப்பல்ல.

நிற்க. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. ஆன்லைன் டிக்கெட் ஆரம்பித்தபோது, கம்ப்யூட்டரில் புக் செய்தால் கூரியர்க்காரர் வீட்டுக்கு வந்து அட்டை டிக்கெட் கொடுப்பார். கூரியர்க்காரர் வரும் நேரம் வீடு பூட்டியிருந்தால் அவ்வளவுதான். நாமே அச்சடித்துக்கொள்ளும் இ-டிக்கெட் வந்தது 2005-ல். அதிலிருந்து பார்த்தால் 2025 மே 22-ம் தேதி ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் கொடுத்தது பெரிய பாய்ச்சல்தான். அந்த 31,814-ல் நம்முடையது ஒன்றா என்பதுதான் பிரச்னை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். முன்பதிவு 120 நாள் என்றிருந்ததை 2024 நவம்பர் 1-ம் தேதியிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஜனவரி 13-ம் தேதி ராத்திரி எழும்பூரில் ஏறுவதானால், ரிசர்வேஷன் நவம்பர் 14-ம் தேதி காலை எட்டு மணிக்குத் திறக்கும். 14-ம் தேதி ரயிலுக்கு நவம்பர் 15. முதல் நாளே தனியார் ஆப்பில் தேடி எந்த ரயில், எந்த வகுப்பு, எந்த ஊர் வரை என்று துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு நேர் வாசலில் நில்லுங்கள். அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு எங்கள் மேனேஜர் மீட்டிங் வைப்பாரோ என்று சிலருக்குக் கவலை. வைக்கமாட்டார். அவருக்கும் ஊர் அருப்புக்கோட்டை.